பயப்படாதிருங்கள் என்று சொன்ன பிறகு



சென்ற ஆண்டு லெந்து நாட்களில் நம் சபையைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் குருமனைக்கு வந்தார். பத்து ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தவர். இரண்டு பிள்ளைகளையும் மாமியார் பொறுப்பில் விட்டுவிட்டு, முதுநிலைச் செவிலியர் படிப்பில் சேர்ந்து இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு; அதற்குள் ஆங்கிலத்தில் 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியல். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளில் நோயாளியின் மனம் எவ்வளவு பதறியிருக்கிறது என்பதை அளப்பதற்காக, தம் வழிகாட்டிப் பேராசிரியரோடு சேர்ந்து அவர் உருவாக்கியது. அதை நான் தமிழாக்க வேண்டும். பிறகு, மூலத்தைப் பார்த்திராத வேறொருவர் என் தமிழைத் திரும்பவும் ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் என் தமிழ் தேறியது என்று பொருள்.

"ஐயா கிரேக்கம், எபிரெயம் எல்லாம் படிச்சவங்க. உங்களுக்கு இது அரைமணி நேர வேலை" என்றார்.

மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. முதல் நாளே தடுக்கி விழுந்தேன். அவருடைய பட்டியலில் மைய இடம் பெற்றிருந்த சொல்லுக்கு நான் 'வியாகுலம்' என்று எழுதினேன். கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் பட்ட பாட்டைக் குறிக்க நம் தமிழ் வேதாகமம் கையாளும் சொல் அது. அதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது என்று நினைத்தேன். அவர் பணிவாகச் சிரித்துவிட்டு, "ஐயா, இதைப் போட்டா வார்டுல யாருக்கும் புரியாது. நம்ம சபைக்காரங்க ரெண்டு பேருக்குப் புரியும். அவங்களும் இது இயேசு சாமிக்கு வந்தது, நமக்கு வரக்கூடாதுன்னு நினைச்சுக்குவாங்க" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் என்னை வெகுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது.

'கவலை' என்று மாற்றினோம். கவலை என்றால் கடன், மகள் கல்யாணம் எல்லாம் அதற்குள் வந்துவிடும் என்றார். 'கலக்கம்' என்று எழுதினேன்; அது திரும்பிவந்தபோது குழப்பம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக உருமாறியிருந்தது. கடைசியில் 'பதற்றம்', 'படபடப்பு' என்ற இரண்டும் நிலைத்தன. நோயாளிகள் பெரும்பாலும் மனம் என்று பேசுவதில்லை. நெஞ்சு அடிக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, கை சில்லிட்டுப் போகிறது என்றுதான் சொல்வார்கள் என்று அவர் விளக்கினார். பயம் மனிதனின் உடம்பில்தான் முதலில் குடியேறுகிறது என்பதை இறையியல் கல்லூரி எனக்குச் சொல்லித்தந்ததாக நினைவில்லை. சங்கீதக்காரர்கள் எலும்பையும் குடலையும் நெஞ்சையும் குறித்து அத்தனை முறை முறையிட்டிருப்பதை வைத்து நானே அறிந்திருக்கலாம்.

இத்தகைய அளவுகோல்கள் எப்படி உண்டாயின என்பதையும் அவர் சொன்னார். அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஸ்பீல்பெர்கரும் உடன் உழைத்தவர்களும் 1970இல் வெளியிட்ட அளவுகோல் இந்தத் துறையில் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஒரு மனிதன் இயல்பிலேயே பதற்றக்காரனா என்பது ஒரு கேள்வி. இந்த நிமிடத்தில் அவன் பதறியிருக்கிறானா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் அது தனித்தனியே கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 20 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான்கு நிலைகள். 20இலிருந்து 80 வரை மதிப்பெண். நான் ஆயர் பணியில் சேர்ந்த நாள் முதல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. நாளை காலை அறுவை அரங்குக்குப் போகவிருப்பவரின் நடுக்கத்தைக் கண்டு, இவர் விசுவாசத்தில் பலவீனர் என்று மனத்துக்குள் எழுதிவைத்திருக்கிறேன். ஓர் இரவின் நிலையை ஒரு வாழ்நாளின் குணமாக வாசித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் பட்டியலின் முடிவுக்கு வந்தோம். 20 வாக்கியங்களுக்கும் கீழே, கோடிட்ட இடம் விட்டு ஒரே ஒரு கேள்வி இருந்தது. இந்த அறுவை சிகிச்சையில் குறிப்பாக எதை நினைத்து உங்களுக்குப் பயமாக இருக்கிறது? எளிய வாக்கியம். ஒரே மூச்சில் தமிழாக்கிவிட்டேன். எழுதி முடித்ததும் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறொரு சேகரத்தில் இருந்தேன். அங்கே ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் சபை மூப்பராக இருந்தார். காணிக்கைக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. சர்க்கரை நோயால் வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் கால் தப்பிக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கு நான் மருத்துவமனைக்குப் போனேன். அன்றைக்கு இன்னும் மூன்று வீட்டு ஜெபங்கள் பாக்கி. ஒரு சங்கீதம் வாசித்தேன். தலையில் கைவைத்து, அடுத்த கட்டில்களுக்கும் கேட்கும்படி ஜெபித்தேன். புறப்படும்போது அவர் முகத்தைப் பார்த்து, "மூப்பரே, விசுவாசிக்குப் பயம் எதற்கு?" என்று கேட்டேன். அவர் 'ஆமென்' என்றார். நான் திருப்தியோடு வெளியே வந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அவர் கட்டிலில் இல்லை. பையை எடுத்துக்கொண்டு, காலைக் கெந்திக் கெந்தி நடந்து, முதல் பேருந்தில் ஊருக்குப் போய்விட்டார். யார் சொல்லியும் திரும்பவில்லை. நாட்டு வைத்தியம், களிம்பு என்று நாற்பது நாள் போயிற்று. காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தபோது சீழ் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு ஆராதனைக்கு ஒழுங்காக வந்தார். ஓராண்டு கழித்து, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அன்றைக்கு எதற்காகப் போனீர்கள்? விரல் போகிறதே என்று அவர் பயப்படவில்லை. சாவுக்கும் பயப்படவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஊசிக்குப் பிறகு எழுந்து நடக்கவே இல்லையாம். அந்த ஊசி, தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் போடப்படுகிறது. சில மணி நேரத்தில் மரப்பு நீங்கி உணர்ச்சி திரும்பிவிடும். நிரந்தரமாகக் கால் விளங்காமல் போவது மிக மிக அரிது. ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கக்கூடிய செய்தி.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"விசுவாசிக்குப் பயம் எதுக்குன்னு கேட்டீங்களே ஐயா. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்ல?"

குற்றச்சாட்டாக அவர் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றைக்கும் என்னை விடவில்லை. இந்தக் கதையை நான் எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை. அன்று மாலை அந்தச் செவிலியரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் தம் ஆய்வேட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த தாள்களில் சிலவற்றை நகலெடுத்துக் கொண்டுவந்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செவிலியர் பணியில் ஆராய்ச்சி என்றால் புதிய மருந்து, புதிய கருவி என்றே நான் எண்ணியிருந்தேன். அந்தத் தாள்களில் இருந்ததோ முழுக்க முழுக்கப் பேச்சைப் பற்றியது. நோயாளியிடம் யார், எப்போது, எதைப் பேசினால் அவருடைய உடம்பில் என்ன நடக்கிறது என்ற ஆராய்ச்சி.

1963இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூமாஸ் என்னும் கறுப்பினச் செவிலியரும், லெனார்ட் என்னும் சமூகவியலாளரும் ஒரு சிறு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மகப்பேறு சாராத பெண்ணோய் அறுவைக்கு வந்த பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினரோடு, அறுவைக்கு முன் ஒரு செவிலியர் நேரம் எடுத்து உட்கார்ந்து, மனத்தில் என்ன வருத்தம் என்று விசாரித்து, அது தணியும்வரை உடனிருந்தார். அறுவை முடிந்து மீள்கையில் யாருக்கு வாந்தி வந்தது என்று கணக்கெடுத்தார்கள். உடனிருந்து விசாரிக்கப்பட்ட பெண்களுக்கு வாந்தி குறைவாக இருந்தது. வாந்தியை யாரும் நடிக்க முடியாது. பாஸ்டர் மனம் குளிரட்டும் என்று 'ஆமென்' சொல்வது போல அதைச் சொல்லிவிட முடியாது. அந்த அளவையைத் தேர்ந்தெடுத்த கூர்மையை நான் வியந்தேன். டூமாஸ் பிற்காலத்தில் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் துணை இயக்குநராக உயர்ந்தார்.

அந்தச் சோதனைக்குப் பின்னால் யேலில் பணியாற்றிய ஐடா ஜீன் ஆர்லாண்டோ 1961இல் எழுதிய நூலின் சிந்தனை இருக்கிறது. நோயாளியின் முகத்தைப் பார்த்து நீ ஒன்றை ஊகித்தால், அந்த ஊகத்தின்மேல் செயல்படாதே. அவரிடமே கேட்டுச் சரிபார் என்பது அவர் வற்புறுத்திய காரியம். நான் மூப்பரின் முகத்தில் மரண பயத்தை வாசித்து, அதற்கேற்ற சங்கீதத்தையும் வாசித்தவன். அவருக்கு இருந்ததோ ஓர் ஊசியைக் குறித்த பயம்.

லண்டனில் ஜாக் ஹேவர்ட் என்பவர் 1975இல் வெளியிட்ட ஆய்வு அடுத்தது. அறுவைக்கு முன்பே, என்ன நடக்கும், எங்கே வலிக்கும், அந்த வலிக்கு என்ன செய்யலாம் என்று தெளிவாகச் சொல்லப்பட்ட நோயாளிகளுக்குப் பின்னால் பதற்றமும் குறைவு, வலிநிவாரணி தேவைப்பட்டதும் குறைவு. தகவலை வலிக்கு எதிரான ஒரு மருந்துச் சீட்டு என்றே தம் நூலின் தலைப்பில் அவர் குறித்தார். 1978இல் ஜெனிஃபர் போர் இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளிகளின் சிறுநீரில் வெளியேறும் அழுத்தச் சுரப்புகளின் அளவையே சோதித்தார். முன்கூட்டியே விளக்கம் பெற்றுப் பயிற்சியும் பெற்றவர்களிடம் அது குறைவாக இருந்தது.

என் மனத்தில் ஒட்டிக்கொண்டதோ குழந்தைகளைப் பற்றிய ஒன்று. எலும்பு முறிவுக்காகப் போட்ட மாவுக்கட்டை அறுத்து நீக்கும்போது குழந்தைகள் கதறுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஜீன் ஜான்சன் என்ற செவிலிய ஆராய்ச்சியாளரும் குழுவினரும் 1975இல் வெளியிட்ட சோதனை இது. சில குழந்தைகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சிலருக்கு, மருத்துவர் என்னென்ன செய்வார் என்று சொன்னார்கள். இன்னும் சிலருக்கு, அந்த ரம்பத்தின் ஓசையையே ஒலிப்பதிவில் கேட்க வைத்து, இப்படிச் சத்தம் கேட்கும், கால் அதிரும், சற்றுச் சூடாக இருக்கும், வெள்ளைத் தூசி பறக்கும், கட்டுப் போனபிறகு கால் லேசாகத் தெரியும் என்று உணர்ச்சிகளைச் சொன்னார்கள். மூன்றாம் பிரிவுக் குழந்தைகளே மிகக் குறைவாகத் துன்பப்பட்டார்கள். அச்சமூட்டும் ஓசையை மறைத்துவைத்தது குழந்தைக்கு உதவவில்லை. முன்னரே கேட்க வைத்தது உதவியது. பேரப்பிள்ளையை ஊசி போட அழைத்துக்கொண்டு போகும்போது 'வலிக்கவே வலிக்காது' என்று சத்தியம் செய்கிற தாத்தா பாட்டிமாரை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

பிரியமானவர்களே, அந்தத் தாள்களை வாசித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து வேதாகமத்தைத் திறந்தேன். 'பயப்படாதே' என்ற கட்டளை வேதத்தில் 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று, என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன், எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வருவதில்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்கு அடுத்தாற்போல் என்ன வருகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். ஆலயத்தில் தூப வேளையில் நடுங்கி நின்ற சகரியாவிடம் தூதன் பயப்படாதே என்று சொல்லிவிட்டு மறைந்துவிடவில்லை. உன் மனைவிக்குப் பிள்ளை பிறக்கும், இன்ன பெயர் இடு, அவன் இப்படி இருப்பான் என்று சொல்கிறான். மரியாளிடமும் அப்படியே, அவள் இது எப்படி நடக்கும் என்று எதிர்க்கேள்வி கேட்கிறாள், அதற்கும் பதில் கிடைக்கிறது. வயல்வெளியில் மந்தை காத்த மேய்ப்பர்களுக்கோ, எந்த ஊர், பிள்ளை எப்படிச் சுற்றப்பட்டிருக்கும், எதில் கிடத்தப்பட்டிருக்கும் என்பதுவரை சொல்லப்படுகிறது. தூதர்கள் செய்தியோடு வந்தார்கள். நான் பல நேரங்களில் செய்தி இல்லாமல் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போயிருக்கிறேன்.

எலியாவின் காரியமும் அன்றிரவு வேறுவிதமாகத் தெரிந்தது. சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்தவனுக்குத் தூதன் முதலில் உபதேசம் செய்யவில்லை. தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். திரும்பவும் தூங்க விட்டான். கேள்வி வந்தது பிறகு, ஓரேப் மலையில். ஹில்டெகார்ட் பெப்ளாவ் என்ற அமெரிக்கச் செவிலிய அறிஞர் பதற்றத்தை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார். மெலிதான பதற்றம் மனிதனை விழிப்பாக்குகிறது; அது கற்றுக்கொள்ளவும் உதவும். படி ஏற ஏற அவன் காதிலும் கண்ணிலும் விழுவது சுருங்கிக்கொண்டே வருகிறது. உச்சப் படியில் இருப்பவனிடம் நீண்ட விளக்கம் பயன்படாது. அருகில் நின்று, சிறு சிறு வாக்கியமாகப் பேச வேண்டும். மூன்று பகுதிகளாகப் பிரித்து நாற்பது நிமிடம் பேசிப் பழகிய எனக்கு இது கடினமான பாடம்.

இந்த ஆராய்ச்சிகளை நான் மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. பழைய ஆய்வுகள் பலவும் சிறியவை. 2016இல் காக்ரேன் அமைப்பின் சார்பில், முழு மயக்கத்தில் அறுவை செய்துகொண்ட பெரியவர்களைப் பற்றிய 100க்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து பார்த்தார்கள். முன்கூட்டிய மன ஆயத்தம் வலியையும் மன வருத்தத்தையும் மருத்துவமனையில் தங்கும் காலத்தையும் ஓரளவு குறைக்கக்கூடும் என்று கண்டாலும், சான்றுகளின் தரம் தாழ்ந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். எல்லாம் நிரூபணமாயிற்று என்று மேடையில் முழங்குகிற நம் பழக்கத்துக்கு அந்த அடக்கம் நல்ல மருந்து. எல்லாருக்கும் எல்லாத் தகவலும் வேண்டும் என்பதும் இல்லை. எனக்கு ஒன்றும் சொல்லாதே, மயக்கம் கொடு, முடித்துவிடு என்கிறவர்களும் உண்டு. அவர்கள்மேல் விளக்கத்தைத் திணிப்பது இன்னொரு வகைக் கொடுமை. அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தச் செவிலியரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். இவ்வளவு தெரிந்திருந்தும் வார்டுகளில் ஏன் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை? சற்றுக் கோபம் வந்துவிட்டது அவருக்கு. இரவுப் பணியில் ஒருவராக நின்று எத்தனை கட்டில் பார்க்கிறோம் தெரியுமா என்றார். பிறகு தணிந்து, இன்னொரு தாளைக் காட்டினார். இசபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960வாக்கில் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் பணியை ஆராய்ந்து எழுதியது. நோயும் சாவும் எழுப்புகிற பயம் செவிலியரையும் தாக்குகிறது. அதிலிருந்து தப்பவே வேலையைத் துண்டு துண்டாக வகுத்து, நோயாளியைப் பெயரால் அன்றிக் கட்டில் எண்ணாலோ உறுப்பாலோ குறிக்கும் வழக்கம் உண்டாகிறது என்று அவர் கண்டார். வாசித்தபோது என் நாட்குறிப்பு நினைவுக்கு வந்தது. இன்ன மருத்துவமனை, மூன்றாம் மாடி, ஜெபம், 10 நிமிடம். நானும் துண்டு போட்டு வைத்திருந்தேன். சங்கீதம் வாசிக்கிறவனிடம் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். பேசிவிட்டால், எனக்குப் பதில் தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? மூப்பரைக் கேட்காமல் போனதற்கு நேரமின்மை மட்டுமே காரணமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட தம் செவிலியர் குறிப்பு நூலில் ஓர் அதிகாரம் முழுவதையும், நோயாளியிடம் போலித் தைரியம் சொல்லும் பார்வையாளர்களைக் கண்டிக்க ஒதுக்கியிருக்கிறார். நோயாளியின் நிலையைக் குறைத்துப் பேசி உற்சாகப்படுத்துகிறோம் என்று வருகிறவர்கள் அவரை எவ்வளவு தனிமைப்படுத்துகிறார்கள் என்று எழுதுகிறார். போதகர்களைத் தனியே பெயர் சொல்லிக் கண்டித்தாரோ இல்லையோ, நான் அந்த வரிசையில் நின்றுகொண்டுதான் வாசித்தேன்.

வினாப்பட்டியல் வார்டுக்குப் போயிற்று. சில மாதங்கள் கழித்து, ஆள் யார் என்று தெரியாதபடி, அந்தக் கோடிட்ட இடத்தில் நோயாளிகள் என்ன எழுதினார்கள் என்று சிலவற்றைச் சொன்னார். செத்துவிடுவேனோ என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் மற்றவை நான் எதிர்பாராதவை. பாதியில் மயக்கம் தெளிந்துவிடுமோ? மயக்கத்தில் உளறி வீட்டு விஷயம் வெளிவந்துவிடுமோ? ஆண்கள் முன்னால் உடை இல்லாமல் கிடக்க வேண்டுமா? தாலியைக் கழற்றச் சொல்வார்களா? மாட்டைப் பால் கறக்க ஆள் இல்லை. எத்தனை நாள் கூலி போகும்? ஒரு பெரியவர், மூத்திரக் குழாய் என்று ஒரே சொல்லை எழுதியிருந்தாராம். பெரும்பாலானவற்றுக்குச் சொல்லத்தக்க பதில் ஒன்று இருந்தது. பதில் இல்லாதவற்றுக்கு, கேட்டுக்கொண்டு உட்கார ஆள் வேண்டியிருந்தது. கெத்செமனேயில் ஆண்டவர் தம் மூன்று நண்பர்களிடம் கேட்டதும் விளக்கத்தை அல்லவே. தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

சென்ற மாதம் பித்தப்பைக் கல்லுக்காக அறுவைக்குப் போன நம் சபை அம்மா ஒருவரைப் பார்க்கப் போனேன். இதை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார். 'பேரை மட்டும் போட்றாதீங்க ஐயா' என்றார். வேதாகமத்தைத் திறக்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "அம்மா, நாளைக்கு நடக்கப் போறதுல எதை நினைச்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. சும்மா இருந்தேன். மருமகன் தேநீர் வாங்கக் கீழே போனார். அவர் போன பிறகு, தாழ்ந்த குரலில், "பல்லு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. முழுப் பல்செட்டு வைத்திருக்கிறார். கணவர் இறந்த பிறகு அது இல்லாத முகத்தை யாரும் பார்த்ததில்லை, மகளும்கூட. மயக்கம் கொடுக்குமுன் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மருமகன் முன்னால் அப்படியே தள்ளுவண்டியில் கொண்டுபோவார்களே என்பதுதான் நான்கு நாளாக அவரை உறங்கவிடாத காரியம்.

பணியில் இருந்த சிஸ்டரை அழைத்துவந்தேன். அவர் சிரிக்கவில்லை. "அதுக்கென்னம்மா, உள்ளே போய்க் கழற்றிக்கலாம். பேர் எழுதின டப்பாவுல நானே வைக்கிறேன். நல்லாத் தெளிஞ்சதும் மாட்டிவிட்டுத்தான் வெளியே விடுவோம்" என்று சொல்லி, குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார். பிறகு அந்த அம்மாவே என்னைப் பார்த்து, "இப்ப ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார். சுருக்கமாக ஜெபித்தேன்.

மறுநாள் மாலை போனபோது வரிசையான பற்களோடு, இன்னும் ஒரு வாய் காபிகூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று மருமகனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.